கிரான் பணி ஒரே நேரத்தில் இரண்டு ஓடாமல் தடுப்பது எப்படி?

கேள்வி

5 நிமிடத்திற்கு ஒரு முறை கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் லினக்ஸ் வசதி) வழியாக ஓடும் பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஒன்றைப் பராமரித்து வருகிறேன். முந்தைய சுற்று முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தொடங்கிவிடுவதால், ஒரே தரவு இரண்டு முறை ஏறிவிடுகிறது. இதைத் தடுக்க, தொடக்கத்தில் பூட்டுக் கோப்பு (வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளமான கோப்பு) இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ‘டச்’ கட்டளையால் உருவாக்கி, வேலை முடிந்ததும் அழிக்கும்படி எழுதியிருந்தேன். சென்ற வாரம் நினைவகம் போதாமல் கெர்னலே (இயக்க முறைமையின் மையப் பகுதி) அந்தச் செயல்முறையைக் கொன்றுவிட்டது. கோப்பு அப்படியே கிடந்ததால் இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. செமஃபோருக்கு (ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் எண்ணிக்கை) மாறினால் இது தீருமா?

இன்னொன்று: மூன்று நிரல்கள் ஒரே ஃபிஃபோவில் (நிரல்களிடையே தரவு கடத்தும் பெயரிட்ட பைப்) எழுதும் வரிகள் ஒன்றின் நடுவே மற்றொன்று புகுந்து வருகின்றன. எந்த வரியும் 200 பைட்டைத் தாண்டுவதில்லை.

மறுமொழி 1

செமஃபோர் வேண்டாம். சிஸ்டம் ஃபைவ் (பழைய யூனிக்ஸ் பதிப்பு) வகை செமஃபோரும், நீங்கள் அழிக்கும் வரையோ கணினியை மறுதொடக்கம் செய்யும் வரையோ கெர்னலில் அப்படியே இருக்கும். ஆகவே அதே நோய் வேறு இடத்தில் வரும். அதோடு ‘ஐபிசிஎம்கே’ அதை உருவாக்கும், ‘ஐபிசிஎஸ்’ காட்டும், ‘ஐபிசிஆர்எம்’ அழிக்கும். எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் கட்டளை அந்தக் கூட்டத்தில் இல்லை.

உங்கள் முறையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கோப்பு இல்லை என்று பார்ப்பதற்கும் அதை உருவாக்குவதற்கும் இடையிலுள்ள நொடிப்பொழுதில் மற்றொரு செயல்முறையும் அதையே பார்த்துவிடலாம். கோப்புறையை உருவாக்கும் ‘எம்கேடிர்’ இரண்டையும் ஒரே செயலாகச் செய்வதால் அந்த ஓட்டை அடைபடும், ஆனால் செயல்முறை இறந்தால் கோப்புறை மிஞ்சும். கோப்பைப் பூட்டிவிட்டு நிரலை ஓட்டும் ‘ஃப்ளாக்’ கட்டளையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, ஏனெனில் பூட்டு கோப்பு இருப்பதில் அல்ல, திறந்திருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டரில் (திறந்த கோப்பைக் குறிக்க கெர்னல் தரும் எண்) இருக்கிறது. செயல்முறை எப்படி இறந்தாலும் டிஸ்கிரிப்டர் மூடப்பட்டு, பூட்டும் விடுபடும். கிரான் வரியில் ‘ஃப்ளாக் -என்’, பூட்டுக் கோப்பின் பெயர், பிறகு ஸ்கிரிப்ட் என்று எழுதினால் போதும். பூட்டு கிடைக்காவிட்டால் காத்திராமல் 1 என்ற வெளியேற்றக் குறியீட்டுடன் திரும்பிவிடும்.

பூட்டுக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். அழித்தால், பழைய ஐநோடைப் (பெயருக்குப் பின்னால் கோப்பை அடையாளப்படுத்தும் பதிவு) பூட்டியவரும் அதே பெயரில் புதிய ஐநோடைப் பூட்டியவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. செய்து பார்த்தேன். ஆனால் ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் பூட்டு விடுபடவில்லை. அடுத்த சுற்றுகள் எல்லாம் 1 என்று திரும்புகின்றன.

மறுமொழி 2

ஸ்கிரிப்டுக்குள் எதையாவது பின்னணியில் ஓடவிட்டிருக்கிறீர்களா? பிள்ளைச் செயல்முறை அந்த டிஸ்கிரிப்டரை மரபுரிமையாகப் பெறுகிறது. கடைசிப் பிரதி மூடப்படும் வரை கெர்னல் பூட்டை விடாது. பூட்டுக் கோப்பின் மீது ‘ஃபியூசர்’ ஓட்டினால் யார் பிடித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். ‘-ஓ’ தெரிவைச் சேர்த்தால், ஃப்ளாக் மட்டும் பூட்டை வைத்துக்கொண்டு, ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் முன் டிஸ்கிரிப்டரை மூடிவிடும். நானும் இதில் ஒரு முழு மாலையைத் தொலைத்தவன்.

கேட்டவர்

ஃபியூசர் காட்டிவிட்டது, பின்னணியில் ஓடும் கண்காணிப்பு நிரல்தான். ‘-ஓ’ சேர்த்ததும் சரியாகிவிட்டது.

மறுமொழி 3

ஃபிஃபோ பற்றி: லினக்ஸில் ஒரே ரைட் அழைப்பில் (கெர்னலிடம் எழுதச் சொல்லும் ஒரு கோரிக்கை) 4096 பைட் வரை எழுதினால் அது பிளவுபடாது என்பது உறுதி, போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரநிலை) கோரும் குறைந்த அளவு 512. உங்கள் வரிகள் அதற்குள் இருந்தும் கலப்பதற்குக் காரணம் இடைநினைவகம் (எழுதும் முன் தரவைச் சேர்த்துவைக்கும் இடம்). வெளியீடு முனையத்திற்குப் போகாமல் பைப்புக்குப் போகும்போது சி நூலகம் வரிகளைச் சேர்த்துவைத்து, இடைநினைவகம் நிறைந்ததும் வரியின் நடுவிலேயே வெட்டித் தள்ளுகிறது. எழுதும் நிரல்களை ‘எஸ்டிடிபஃப் -ஓஎல்’ என்பதன் கீழ் ஓட்டினால் வரிக்கு ஒரு ரைட் ஆகும். இடைநினைவகத்தைத் தானே கையாளும் நிரல்களுக்கு இது பலிக்காது. தமிழில் பதிவு எழுதினால் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுங்கள்: யுடிஎஃப்-8 முறையில் ‘கொ’ ஒன்றே 6 பைட்.