கோகெய்ன் தடுப்பூசி: எங்கே தடுக்கியது?

கேள்வி: கோகெய்ன் கிருமி இல்லையே, அதற்கு எப்படி எதிர்ப்பொருள் உருவாகும்? டிஏ-சிடி (TA-CD) என்ற கோகெய்ன் தடுப்பூசி ஏன் நின்றுபோனது?

பதில் 1: தனியாகச் செலுத்தினால் உருவாகாதுங்க. மூலக்கூறு எடை 303தான், ரொம்பச் சின்னது. நோயெதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளாது. அதனால் கோகெய்னின் மாற்றுவடிவமான சக்சினைல்நார்கோகெய்னை, காலரா நச்சின் பி துணையலகு என்ற பெரிய புரதத்தோடு ஒட்டினார்கள். உருவாகும் எதிர்ப்பொருள் கோகெய்னை ரத்தத்திலேயே கவ்விக்கொள்ளும். அந்தப் பெரிய உரு மூளைக்குள் நுழையாது.

பதில் 2: சிக்கலே எதிர்ப்பொருளின் அளவில்தான். 2009 ஆய்வில் 12 வாரத்தில் 5 ஊசி. பலன் தர ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 43 மைக்ரோகிராம் எதிர்ப்பொருள் தேவை; அதை எட்டியவர்கள் 38 சதவீதம்தான். அதுவும் இரண்டு மாதம்தான் நின்றது. 300 பேரிடம் நடந்த அடுத்த ஆய்விலும் தெளிவான பலன் இல்லை. இன்னொரு ஆபத்து: கூடுதல் கோகெய்ன் எடுத்தால் எதிர்ப்பொருள் முழுதும் நிரம்பி, மிச்சம் மூளைக்குப் போய்விடும்.

கேள்வி கேட்டவர்: ஏக்கம் குறையுமா?

பதில் 1: குறையாதுங்க. ஊசி போதையை மட்டுமே மழுங்கடிக்கும். ஆலோசனை சிகிச்சை கூடவே நடக்க வேண்டும்.