கோ ஆட்டம்: வெள்ளைக்கு 6.5 கொடுத்தும் கருப்பே ஜெயிக்கிறது, எவ்வளவுதான் நியாயம்?

திருநகர்வாசி:
நானும் மகனும் 9×9 பலகையில் கோ ஆடுகிறோம், காய் வைத்து இடம் வளைக்கும் ஆட்டம். பலகை, நானே கோடு போட்ட பிளைவுட். காய்கள், விளக்குத்தூண் பக்கம் வாங்கிய கருப்பு வெள்ளை பட்டன்கள். கருப்புக்கு முதல் கை என்பதால் வெள்ளைக்கு 5.5 கோமி, அதாவது ஈட்டுப் புள்ளி, கொடுத்துவந்தோம். அப்படியும் கருப்பே அதிகம் ஜெயித்தது. ஜப்பானில் 2002-ல் 5.5-ஐ 6.5 ஆக்கினார்கள் என்று படித்து, நாங்களும் மாற்றினோம். ஒரு மாதமாக அதே கதைதான். நோட்டில் எழுதிவைத்த பழைய ஆட்டங்களுக்கும் 6.5 போட்டுப் பார்த்தேன், ஒரு முடிவுகூட மாறவில்லை. மகன் வெள்ளையைத் தொடவே மாட்டேன் என்கிறான். எங்கே தப்பு?

கல்திண்ணை:
ஆட்டம் முடிந்ததும் வளைத்த காலி இடத்தை மட்டும் எண்ணுகிறீர்களா, நிற்கும் காய்களையும் சேர்த்தா?

திருநகர்வாசி:
சேர்த்துத்தான் சார். சின்னப் பையனுக்கு அதுதான் எளிதாக இருக்கிறது.

கல்திண்ணை:
சரி, விஷயம் அங்கேதான் இருக்கிறது. பலகையில் கோடுகள் வெட்டும் இடங்கள் மொத்தம் 81, ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. யாருக்கும் சேராத இடம் மிஞ்சாவிட்டால், கருப்பு 43 என்றால் வெள்ளை 38, வித்தியாசம் 5. கருப்பு 44 என்றால் வெள்ளை 37, வித்தியாசம் 7. நடுவில் 6 வரவே வராது. 5.5 கொடுத்தாலும் 6.5 கொடுத்தாலும் கருப்பு 7-ல் முந்தினால்தான் வெற்றி, இரண்டும் ஒன்றே. இரு பக்கக் காய்களும் ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் நிற்கும் செகியில் பொது இடம் ஒற்றையாக நின்றால் மட்டும் கணக்கு மாறும், அது அபூர்வம்.

ஜப்பானில் காலி இடத்தையும் பிடித்த காய்களையும் மட்டுமே எண்ணுவார்கள். அங்கே 6 வித்தியாசம் சாதாரணம், அதனால் அந்த ஒரு புள்ளிக்கு மதிப்பு உண்டு. உங்களைப் போல எண்ணும் சீனர்கள் 5.5-லிருந்து நேராக 7.5-க்குப் போனார்கள். நீங்கள் 7 வைத்துப் பாருங்கள், 7-ல் முந்திய ஆட்டம் சமனாகும். வலுவான கணினி நிரல்களும் 9×9-க்கு 7 என்றே காட்டுகின்றன.

வைகைக்கரை:
அந்த 7 பிழையே இல்லாமல் ஆடுகிறவர்களுக்கு, அண்ணே. வீட்டில் ஆடும்போது ஒருவர் கோமியைச் சொல்லட்டும், மற்றவர் நிறத்தை எடுக்கட்டும். பணியாரத்தை ஒருத்தன் பிட்டால் மற்றவன் முதலில் எடுப்பானே, அதே முறைதான். கூட்டிச் சொன்னால் வெள்ளையை எடுத்துக்கொள்வார், குறைத்தால் கருப்பை. அப்புறம் ஆடுபுலி மாதிரி பக்கம் மாற்றி இன்னொரு ஆட்டம்.

திருநகர்வாசி:
இருவருக்கும் நன்றி. நோட்டை மறுபடி பார்த்தேன், 7 வித்தியாசத்தில் மூன்று ஆட்டங்கள், 6-ல் ஒன்றுகூட இல்லை. நேற்று மகனைக் கோமி சொல்லச் சொன்னேன். வெகுநேரம் யோசித்து 9 என்றான். நான் உடனே வெள்ளையை எடுத்தேன். அவன் 11-ல் முந்திவிட்டான். இன்று சொல்ல வேண்டியது நான்.