ஹாம்லெட்: பைத்தியம் பொய் என்று அரங்குக்கு எப்படித் தெரியவைப்பது?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் இளவரசன் ஹாம்லெட் பைத்தியமாக நடிக்கிறான். 2-ஆம் அங்கம் 2-ஆம் காட்சி, அரசனின் ஆலோசகர் போலோனியஸை ‘மீன்காரன்’ என்று அவன் சொல்லும் இடம். முடியை விரித்து, கண்ணை உருட்டி நடித்தால் நிஜப் பைத்தியமாகவே தெரிகிறது. அடக்கினால் வெறும் நக்கலாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: கண், முடி இரண்டையும் விடுங்கள். இங்கே பைத்தியம் பேச்சில்தான் இருக்கிறது: சம்பந்தமில்லாதது போல வந்து, சரியான இடத்தில் குத்தும் பதில்கள். வார்த்தை தெளிவாக விழவேண்டும். உளறினால், ‘இதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறதே’ என்று போலோனியஸ் வியப்பது பொருந்தாது.

வேஷம் கலையும் இடத்தை ஷேக்ஸ்பியரே எழுதிவைத்திருக்கிறார். போலோனியஸ் விடைபெற்றதும், ‘சலிப்பூட்டும் கிழட்டு முட்டாள்கள்!’ என்று ஒரு வரி. அதைச் சாதாரணக் குரலில் சொன்னாலே போதும். 3-ஆம் அங்கம் 2-ஆம் காட்சியில் இதற்கு நேர்மாறு: அரசவை வருவதைக் கண்டதும், இனி கிறுக்கனாக இருக்கவேண்டும் என்று நண்பன் ஹொரேஷியோவிடம் சொல்லிவிட்டே மாறுகிறான். அந்த மாற்றத்தை ஒளிக்காமல் பார்வையாளர் கண்ணெதிரே செய்யுங்கள்.

பதில் 2: உரைநடை என்றால் வேஷம், செய்யுள் என்றால் தெளிவு என்று பிரதியில் இரண்டு நிறத்தில் கோடு போடுவார்கள். பாதிதான் சரி. நாடகக்காரர்களுக்கு நடிப்பு சொல்லிக்கொடுக்கும்போதும், 5-ஆம் அங்கத்தில் வெட்டியானிடமும் தெளிந்த புத்தியோடு உரைநடைதான் பேசுகிறான். எதிரே நிற்பது யார் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அது ஏமாற்றாது.

முடியை விரிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் போலோனியஸின் மகள், ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியா. 1603 குவார்ட்டோவில் (நாடகத்தின் முதல் அச்சுப் பதிப்பு), அவள் கூந்தல் அவிழ்ந்து, லூட் என்ற நரம்பிசைக் கருவியை வாசித்துப் பாடியபடி வருவதாக மேடைக்குறிப்பு. ஹாம்லெட் அதை முன்பே செலவழித்துவிட்டால் 4-ஆம் அங்கத்தில் அவளுடைய நிஜப் பைத்தியம் எடுபடாது.

பதில் 3: ஆனால் ஆடை கலைந்திருக்கலாம். 2-ஆம் அங்கம் 1-ஆம் காட்சியிலேயே, மேல்சட்டை திறந்து, காலுறை கணுக்காலில் சரிந்து வந்தான் என்று ஒஃபீலியா சொல்லிவிடுகிறாள். அடுத்த காட்சியில் மடிப்புக் கலையாமல் வந்தால் அவள் பொய் சொன்னதாகிவிடும்.

நக்கலாகிப் போவதற்குக் காரணம் நோக்கம் பிடிபடாததுதான். 1200 வாக்கில் டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்ஸோ எழுதிய மூலக்கதையில், நாயகனுடைய தந்தையின் கொலை ஊரறிந்தது. அந்த நாயகன் ஆம்லெத் உயிர் தப்ப மூடனாக நடிக்கிறான். ஷேக்ஸ்பியரில் கொலை ரகசியம். பைத்திய வேஷம் சந்தேகத்தைத்தான் கிளப்புகிறது. பயந்து ஒளிபவனாக நடித்தால் பிடி கிடைக்காது. அரண்மனையில் வேறெப்படியும் சொல்லமுடியாததைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொண்டு, ‘மீன்காரன்’ வரியை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.