பட்டாளத்துக்குப் பிறகு ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்: லண்டன் போயிருக்கும் வடசென்னைத் தம்பிகளுக்கு

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எருக்கஞ்சேரி பக்கத்திலிருந்து மிலிட்டரி முடித்துவிட்டு ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்க இங்கிலாந்து போன தம்பிகள், அங்கே என்ன வேலைக்குப் போகலாம், படிப்பையும் பணத்தையும் எப்படிச் சமாளிப்பது என்ற ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு மாதிரி கேட்கிறீர்கள், தனித்தனியாகப் பதில் எழுதினால் விடிந்துவிடும், அதனால் எல்லாவற்றையும் இங்கேயே போட்டுவிடுகிறேன். நான் எம்ஈஜியில் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற ராணுவப் பிரிவு) ஹவில்தாராக இருந்து பென்ஷன் வந்த பிறகு கிழக்கு லண்டனில் இதே எம்எஸ்சி படித்தவன், இப்போது எம்.கே.பி. நகரில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் இருப்பது பிரிட்டன் கணக்கு. கனடா, ஆஸ்திரேலியா போனவர்கள் விசா விதிகளை அந்தந்த நாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோச்சிங் விஷயம், ஏனென்றால் இதில்தான் நம்ம ஆட்கள் தெரியாமல் மாட்டுவார்கள். போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே யாராவது கேட்பார்கள், "அண்ணா, நீங்க ஆர்மி டீம்ல ஆடினவராமே, நம்ம தமிழ்ப் பள்ளிக்கூடப் பசங்களுக்கு சனிக்கிழமை ஃபுட்பால் சொல்லிக் கொடுங்களேன்" என்று. முல்லை நகர் மைதானத்தில் அண்ணன்கள் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்துத்தான் நாம் பந்தைத் தொட்டோம், அதனால் முடியாது என்று சொல்ல வாய் வராது. ஆனால் மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ வேலை செய்யக் கூடாது என்று நேராகவே போட்டிருக்கிறார்கள். சம்பளம் இல்லாமல் செய்தால் பிரச்சினை இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஆசைக்கு ஆடுவது வேறு. மாநில அணிக்கோ சர்வீசஸ் என்ற முப்படை அணிக்கோ சமீபத்தில் ஆடியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆலோசகர் இருப்பார், அவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு எதையும் செய்யுங்கள்.

படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், எம்எஸ்சிக்காரர்களுக்கு கோடையில் டிஸர்டேஷன் என்ற ஆய்வுக் கட்டுரை எழுதும் மாதங்களும் படிப்புக் காலம்தான், பிஏ படிக்கும் பையன்களைப் பார்த்து நீங்களும் முழு நேரம் வேலைக்குப் போய்விடக் கூடாது. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. அடுத்தவர் கணக்கில் சாப்பாடு டெலிவரி ஓட்டுவது இரண்டு வகையில் தப்பு, கணக்கு உங்களுடையது இல்லை, அதோடு சுயதொழிலுக்கே அனுமதி கிடையாது.

சரி, என்ன வேலைக்குப் போவது? ஈஸ்ட் ஹாமில் ரூம் எடுத்திருப்பீர்கள், அங்கே தோசை மாவு முதல் கருவாடு வரை கிடைக்கும், வேலையும் பெரும்பாலும் அந்தக் கடைகளிலேயே தேடுவார்கள். வாடகைக்கு அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் படிப்புக்குப் போனவன் மேட்ச் நாளில் மைதானத்துக்குள் நிற்க வேண்டும், என் கருத்தில் பாதிப் படிப்பு அங்கேதான் இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக் நடந்த அரங்கம் இப்போது வெஸ்ட் ஹாம் அணியின் மைதானம், 60 ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் உட்காரலாம். (தேம்ஸ் ஐயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்துத் தொழிலாளர்கள் 1895ல் ஆரம்பித்த கிளப் அது. சென்னை ஹார்பரில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வேறு எந்த டீமைப் பிடிக்கும், சொல்லுங்கள்.) அந்த மாதிரி ஒவ்வொரு மைதானத்துக்கும் மேட்ச் நாளில் நூற்றுக்கணக்கில் ஸ்டூவர்ட்கள், அதாவது கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள், வேண்டும், பார்வையாளர் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து அவர்களே எடுப்பார்கள். சோதனை போடுவது, வாசல் காப்பது போன்ற செக்யூரிட்டி வேலைக்கு ஏஜென்சி வழியாகப் போனால் எஸ்ஐஏ என்ற அந்த நாட்டுச் செக்யூரிட்டி லைசென்ஸ் கேட்பார்கள், அதற்கு இந்தியாவில் உங்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை என்ற சான்று வேண்டும், முடிந்தால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு படிக்கட்டில் நிற்பது ஹவில்தாருக்கு அவமானமா என்று ஒரு தம்பி கேட்டான். தம்பி, மேலே கண்ட்ரோல் ரூமில் சேஃப்டி ஆபீஸர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், அந்த இடத்துக்குப் போகிற வழி அந்தப் படிக்கட்டில்தான் ஆரம்பிக்கிறது. பிரிட்டனில் இந்த மைதானப் பாதுகாப்புத் துறை சும்மா வளரவில்லை. 1971ல் கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் செத்த பிறகு 1975ல் சட்டம் வந்தது. 1985ல் பிராட்ஃபோர்டில் தீயில் 56 பேர், 1989ல் ஹில்ஸ்பரோ நெரிசலில் 97 பேர். இன்று க்ரீன் கைடு என்று ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது, அதைக் கட்டாயம் படியுங்கள். ஒரு மைதானத்தில் எத்தனை பேரை விடலாம் என்பதை நாற்காலியை எண்ணி முடிவு செய்வதில்லை. எத்தனை பேர் உள்ளே இருக்கலாம், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வர முடியும், எத்தனை பேர் வெளியே போக முடியும், ஆபத்து நேரத்தில் எத்தனை பேரைக் காலி செய்ய முடியும் என்று நான்கு கணக்கு போட்டு, எது குறைவோ அதுதான் கொள்ளளவு. சுழல் கதவு ஒன்றுக்கு மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் 11 பேர் செத்ததை யோசித்துப் பாருங்கள், உள்ளே இடம் இருந்ததா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை, வாசல்தான் கேள்வி. ஆள்சேர்ப்பு முகாமில் ஆயிரக்கணக்கான பையன்களை விடியற்காலையில் வரிசையில் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மயங்கி விழுந்தவனைத் தூக்கிப்போய், பேப்பர் சரிபார்த்து அனுப்பியவனுக்கு இந்தப் பாடம் புதிதாக இருக்காது.

அதனால் ரெஸ்யூமேயிலும் அதையே எழுதுங்கள். ஹவில்தார், நாயக் என்று போட்டால் அங்கே யாருக்கும் புரியாது, மெடல் பட்டியலும் வேண்டாம். எத்தனை ஆட்களை வைத்து என்ன வேலை நடத்தினீர்கள், ஸ்டோரில் என்ன பொறுப்பு, பட்டாளத்தில் கம்பெனிகளுக்கிடையே போட்டி நடத்தியபோது மைதானம், சாப்பாடு, டாக்டர், போக்குவரத்து இதையெல்லாம் யார் பார்த்தது, இதை எழுதுங்கள்.

வகுப்பு பற்றி. கூடப் படிப்பவர்களுக்கு 22, 23 வயதுதான் இருக்கும், பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவர் சொன்னதை அவர் முகத்துக்கு நேராகவே மறுப்பார்கள். பதினாறு பதினேழு வருடம் "யெஸ் சார்" சொல்லிப் பழகிய நாக்குக்கு இது சுலபம் இல்லை, ஆனால் செமினாரில் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தால் படிக்காமல் வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். பாடம் என்று பார்த்தால் நிர்வாக அமைப்பு, விளையாட்டுச் சட்டம், நிதி, மார்க்கெட்டிங், ஸ்பான்சர்ஷிப், நிகழ்ச்சி நடத்துவது, மைதானப் பராமரிப்பு. விளையாடத் தெரிந்ததால் இதில் மார்க் வராது. நிதிப் பாடத்துக்குப் பயப்படுபவர்களுக்கு ஒரு வழி, கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அந்த நாட்டு நிறுவனப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த நாட்டு கிளப்புகளின் ஆண்டுக் கணக்குகளைக் காசில்லாமல் பார்க்கலாம், ஒரு கிளப்பை எடுத்துக்கொண்டு சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது, டிவி உரிமையில் எவ்வளவு வருகிறது என்று நாலைந்து வருடக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வகுப்பில் சொல்வதெல்லாம் புரிந்துவிடும். கட்டுரைக்கு நம்ம ஊர் உதாரணம் எடுங்கள். பிரீமியர் லீக் பற்றி வகுப்பே எழுதும், புதுவண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்ததையும், அப்படிப்பட்ட விளையாட்டுக்கு ஏன் ஸ்பான்சர் வருவதில்லை என்பதையும் உங்களால்தான் எழுத முடியும்.

அப்புறம் பணம். "வெடரன்" (முன்னாள் படைவீரர்) சலுகை, ராணுவத்தினருக்கு ஸ்காலர்ஷிப் என்று இணையத்தில் பார்ப்பதெல்லாம் பிரிட்டன் படையில் இருந்தவர்களுக்கு, நமக்கு இல்லை. ஆனால் 16-25 ரயில்கார்டு முழு நேர மாணவராக இருந்தால் நாற்பது வயதுக்காரருக்கும் உண்டு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், பேரைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். பென்ஷன் வரும் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வருடா வருடம் கொடுக்க வேண்டிய வாழ்வுச் சான்றிதழை மறந்தால் ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் தளத்தில் பென்ஷன் நின்றுபோகும், அந்தச் சான்றுக்கான ஜீவன் பிரமாண் ஆப் கைபேசியில் ஓடவில்லை என்றால் லண்டன் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கலாம். ஓடிபி எல்லாம் பழைய நம்பருக்குத்தான் வரும், அதனால் இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஈசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அங்கே செல்லாது, விசாவோடு கட்டிய மருத்துவக் கட்டணத்துக்கு ஜிபி என்ற உங்கள் பகுதி டாக்டரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள், காய்ச்சல் வந்த பிறகு ஓடாதீர்கள்.

இனிமேல் போகப் போகிறவர்களுக்கு: கம்யூடேஷன் பணத்தை (பென்ஷனில் ஒரு பகுதிக்குப் பதிலாக முன்கூட்டியே வாங்கும் தொகை) மொத்தமாக இதில் கொட்டாதீர்கள். ஃபீஸ் பெரும்பாலும் 20 ஆயிரம் பவுண்டு அளவிலோ அதற்கு மேலோ இருக்கும், அதுபோக லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 13,761 பவுண்டு, 28 நாள் வங்கிக் கணக்கில் அசையாமல் இருந்ததாக விசாவுக்குக் காட்ட வேண்டும். படித்து முடித்தால் அங்கேயே வேலை என்று ஏஜென்ட் சொல்வதைப் பாதிக்குப் பாதி கழித்துக்கொள்ளுங்கள். படிப்புக்குப் பிறகு தங்கும் விசா இரண்டு வருடமாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் எம்எஸ்சிக்காரர்களுக்கு 18 மாதம்தான். அதன் பிறகு வேலை விசாவுக்கு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டுமென்றால் பொதுவாக வருடத்துக்கு 41,700 பவுண்டு சம்பளம் வேண்டும், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. கிளப்புகளில் ஆரம்ப வேலைச் சம்பளம் பல நேரம் அதற்குக் கீழேதான். திரும்பி வரும் கணக்கோடு போங்கள், வந்தால் என்ன செய்வது என்பதை டிஸர்டேஷன் தலைப்பு எடுக்கும்போதே முடிவு செய்யுங்கள்.

பிறகு வந்த கேள்விகளுக்கு:

மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்ட தம்பிக்கு: முடியாது. 2024 ஜனவரியிலிருந்து, ஆய்வுப் படிப்பு அல்லாத எம்எஸ்சிக்கு அந்த வழியை மூடிவிட்டார்கள். விசிட்டர் விசாவில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். போஸ்டிங் போட்டால் ஃபேமிலி குவார்ட்டர்ஸ் வரும்வரை காத்திருந்த வீட்டம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் சொல்லாதீர்கள்.

15 வருட சர்வீஸுக்குக் கொடுத்த டிகிரி சமச் சான்றிதழ் போதுமா என்பதற்கு: அது இங்கே அரசாங்க சி பிரிவு வேலைக்கு. எம்எஸ்சி சேர்க்கைக்கு அதை டிகிரியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிஏ முடித்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. டிகிரி இல்லாதவர்கள் அனுபவத்தை வைத்து எடுப்பீர்களா என்று சேர்க்கை அலுவலகத்துக்கே நேராக எழுதுங்கள், சில இடங்களில் எடுப்பார்கள், ஏஜென்ட் வழியாகக் கேட்காதீர்கள்.

அக்னிவீராக இருக்கும் அக்கா மகன் வெளியே வந்ததும் அனுப்பலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: நான்கு வருடம் முடித்தால் கிடைக்கும் சேவா நிதி 11.71 லட்சம், பென்ஷன் கிடையாது, அந்தப் பணம் லண்டனில் ஃபீஸுக்கே பத்தாது. பையன் சர்வீஸில் இருக்கும்போதே இக்னோவில் அக்னிவீரர்களுக்கென்று இருக்கும் டிகிரியில் சேரட்டும், பயிற்சிக்கே பாதி கிரெடிட் கிடைக்கும். வெளியே வந்த பிறகு மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையும் நந்தனம் ஒய்எம்சிஏவையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், வியாசர்பாடியிலிருந்து ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.