முதற் காணியை எப்படி வாங்குவது? மட்டக்களப்பிலிருந்து ஒரு கேள்வி

எழுவான்கரை (கேள்வி):

வணக்கம். எனக்கு 25 வயது. களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவன், மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சீட்டிலும் நிலையான வைப்பிலுமாகச் சேர்த்த பணம் இப்போது ஏறத்தாழ 14 இலட்சம் ரூபாய் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டில் விலைவாசி ஏறியபோது வங்கியில் கிடந்த காசின் பெறுமதி கரைந்ததைப் பார்த்த பிறகு, சேமிப்பில் ஒரு பகுதியையாவது காணியில் போட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மூன்று வழிகள் தெரிகின்றன. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம், அரை ஏக்கர் காணி ஒன்றைத் தரகர் காட்டினார். அதன் விலை என் கையிலுள்ள பணத்துக்குள் அடங்குகிறது. ஆனால் அதற்கு உறுதி (சொந்தமாக எழுதிக் கொடுக்கும் உரித்துப் பத்திரம்) இல்லை, பெர்மிட் எனும் அனுமதிப் பத்திரம் மட்டுமே உண்டு. "சத்தியக் கடதாசி முடித்துத் தருவோம், இந்தப் பக்கம் எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்கிறார். இரண்டாவது, ஆரையம்பதியில் உறுதியுள்ள 10 பேர்ச்சஸ் வளவு. விலை 32 இலட்சம் என்பதால் 20 இலட்சம் வங்கிக் கடன் எடுக்க வேண்டிவரும். மூன்றாவது, எங்கள் வீட்டு வளவிலேயே வாடகைக்கு இரண்டு அறைகள் கட்டுவது. வளவு அம்மாவின் பெயரில் உள்ளது. தங்கைக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. கத்தாரில் வேலை செய்யும் அண்ணன் என்னோடு சேர்ந்து பணம் போடவும் தயாராக இருக்கிறார்.

எதிலிருந்து தொடங்குவது பொருத்தம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய உறுதி (பதில்):

தம்பி, ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் நீண்ட காலம் உறுதி எழுதும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்கள் பகுதியில் காணியின் விலையை விசாரிப்பதற்கு முன்னர், அது எந்த வகைக் காணி என்பதை விசாரிக்க வேண்டும். படுவான்கரைக் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணியாக இருந்தால், பெர்மிட் வைத்திருப்பவர் அதன் சொந்தக்காரர் அல்லர். அதில் குடியிருக்கவும் பயிர் செய்யவும், தமக்குப் பின் உரித்தாளியாக ஒருவரை நியமிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. உங்களுக்கு விற்பதற்கு உரிமை இல்லை. அந்தப் பெர்மிட் பிற்காலத்தில், அரசு காணியை உரிமையாக வழங்கும் அளிப்புப் பத்திரமாக மாறியிருந்தாலும்கூட, பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் செய்யப்படும் கைமாற்றம் செல்லாது.

சத்தியக் கடதாசி என்பது ஒருவர் தாம் சொல்வது உண்மை என்று சத்தியம் செய்து ஒப்பமிடும் தாள் மட்டுமே. அசையாச் சொத்தின் விற்பனை நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் எழுதி ஒப்பமிடப்பட வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அது இன்றும் நடைமுறையில் உள்ளது. எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள் என்று தரகர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. அப்படி வாங்கியவர்கள் பலர் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்கிறார்கள் என்பதையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவர்களிற் பெரும்பாலானோர் குடியிருப்பதற்காக வாங்கியவர்கள். நீங்களோ முதலீடாக வாங்க நினைக்கிறீர்கள். முதலீடு என்றால் ஒருநாள் அதை விற்கவோ, வங்கியில் ஈடு வைக்கவோ வேண்டும். அந்தக் காணியை வைத்து இவ்விரண்டில் எதையும் சட்டப்படி உங்களால் செய்ய முடியாது. பெர்மிட்காரர் இறந்த பின்னர் அவருடைய பின்னுரித்தாளி வந்து நின்றால், உங்கள் கையிலுள்ள தாள் உங்களைக் காப்பாற்றாது. அந்த வழியை இப்போதே விட்டுவிடுங்கள்.

ஆரையம்பதி வளவுக்கு உறுதி இருக்கிறது என்பது நல்ல தொடக்கம். ஆனால் உறுதி இருப்பது மட்டும் போதாது. காணிப் பதிவகம் ஆவணத்தைப் பதிவு செய்கிறதே தவிர, அதை எழுதிக் கொடுத்தவருக்கு உரித்து இருந்தது என்று உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடல் எடுத்து, காணி யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படி வந்தது என்று ஒரு சட்டத்தரணியைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். அந்தச் சட்டத்தரணி விற்பவரின் ஆளாகவோ தரகர் கூட்டிவந்தவராகவோ இருக்கக் கூடாது.

எங்கள் ஊர் உறுதிகளில் மூன்று விடயங்கள் அடிக்கடி சிக்கலைத் தருகின்றன. பெற்றோர் மகளுக்குச் சீதனமாக வளவை எழுதும்போது சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, தமக்கென வைத்துக்கொள்வது வழக்கம். அவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். சில உறுதிகளில் வயது வராத பிள்ளையின் பெயரில் ஒரு பங்கு இருக்கும். அதை மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியின்றி வாங்கக் கூடாது. வேறு சிலவற்றில் பல சகோதரர்களுக்குப் பிரிபடாத பங்கு இருக்கும், விற்பவர் அதில் ஒருவராக மட்டும் இருப்பார். அப்படியான காணியை வாங்குகிறவர் சிலவேளை பாகம் பிரிக்கும் வழக்கு ஒன்றையும் சேர்த்தே வாங்குகிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 இலும் அதன் பின்னரும் இடம்பெயர்ந்து, திரும்பி வராமலே இருந்துவிட்ட குடும்பங்களின் காணிகள் இங்கே பல உண்டு. பத்து ஆண்டுகள் ஒருவர் தடையின்றி ஆண்டு அனுபவித்தால் ஆட்சியுரிமை கோரலாம் என்ற பொதுச் சட்டத்துக்கு, போரினால் தம் காணியைக் காக்க முடியாமற் போனவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒரு விலக்கைக் கொண்டுவந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அது கருத்தில் எடுக்கிறது. வழக்கிடுவதற்கு அச்சட்டம் கொடுத்த இரண்டு ஆண்டு அவகாசம் முடிந்துவிட்டாலும், அந்த அவகாசத்துக்குள் தொடங்கிய வழக்கு ஏதும் அந்தக் காணியின் மேல் உண்டா என்று பாருங்கள். உறுதி ஏதும் இல்லாமல் நெடுங்கால ஆட்சியை மட்டும் காட்டி விற்க வருபவரிடம் மிகுந்த எச்சரிக்கையாக இருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், நில அளவையாளரைக் கொண்டு எல்லைகளைப் புதிதாக அளந்து, பிரதேச சபையில் வீதி எல்லைச் சான்றிதழும் கையகப்படுத்தாமைச் சான்றிதழும் எடுத்து, உறுதி முடிந்தவுடன் தாமதமின்றிப் பதிவு செய்யுங்கள். ஒரே காணியை இருவருக்கு எழுதிக் கொடுத்தால், மோசடி இல்லாதவிடத்து, பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கே சட்டம் முன்னுரிமை கொடுக்கிறது.

வந்தாறுமூலை வாசகி (பதில்):

தம்பி, பல்கலைக்கழகத்துக்கு அருகே நான் மாணவிகளுக்கு அறைகள் வாடகைக்குக் கொடுக்கிறேன். அதனால் உங்கள் மூன்றாவது வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் தாய் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே போகும் என்பது உங்களுக்கும் தெரியும். தங்கைக்குத் திருமணம் பேசும்போது அம்மா அந்த வளவை அவளுக்கு எழுதப் போகிறார் என்றால், நீங்கள் அதன் மேல் கட்டும் அறைகளும் வளவோடு சேர்ந்து அவளுடையவை ஆகிவிடும். தங்கைக்குக் கொடுப்பதில் உங்களுக்கு மனக்குறை இருக்காது என்று நம்புகிறேன்; ஆனாலும் அதை முதலீடு என்று கணக்கில் எழுதாதீர்கள், தங்கைக்குச் செய்த கடமை என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றாகக் குழம்பிய வீடுகளில் அண்ணன் தங்கை பேச்சு நின்றுபோனதை நான் நேரிற் கண்டிருக்கிறேன், அது பணத்தை விடப் பெரிய இழப்பு.

இதற்கு ஒரு வழி உண்டு. வளவின் பின்பகுதியை அம்மாவிடமிருந்து 10 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, அதை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை வாய்ப்பேச்சில் நிற்காது, எழுத்தில்தான் இருக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் வாடகையால் கட்டிய செலவு திரும்பிவிடுமா என்று பாருங்கள். திரும்பினால், பின்னர் அறைகள் தங்கைக்கே போகட்டும். தங்கையையும் அமர்த்தி, அவளுக்கும் விளங்கும்படி பேசிய பிறகே கல் வாங்குங்கள்.

வாடகைக் கணக்குப் போடும்போது பன்னிரண்டு மாதத்துக்கும் அறை நிறைந்திருக்கும் என்று எழுதக் கூடாது. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது என் அறைகள் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. விடுமுறையிலும் வேலைநிறுத்தத்திலும் அப்படித்தான். களுவாஞ்சிகுடியில் உங்களுக்கு ஆதாரம் வைத்தியசாலையும் பிரதேச செயலகமும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் உத்தியோகத்தர்கள்தான் உங்களிடம் வருவார்கள். அவர்களுக்குத் தனிக் குளியலறையும் நல்ல தண்ணீரும் வேண்டும். அந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

நிந்தவூர்க் கரை (பதில்):

கடன் பற்றி ஒரு வார்த்தை. வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். 20 இலட்சத்தை 15 ஆண்டுகளுக்கு 12 சதவீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 24,000 ரூபாய். அதே கடன் 20 சதவீதத்துக்கு ஏறினால் தவணை 35,000 ரூபாயைத் தாண்டும். இது நடவாத காரியமன்று. 2022 இறுதியில் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களுக்கான முதன்மை வட்டியே 25 சதவீதத்துக்கு மேல் போனது. எனவே கடன் பத்திரத்தில் வட்டி எத்தனை ஆண்டுக்கு நிலையானது, அதன் பிறகு எதைக் கொண்டு மாற்றுவார்கள் என்ற பகுதியை வரிவரியாக வாசியுங்கள். ஏறிய தவணையையும் உங்கள் சம்பளம் தாங்குமா என்று பார்த்த பிறகே ஒப்பமிடுங்கள். வெறும் வளவு மாதா மாதம் எதையும் தராது என்பதால் முழுத் தவணையும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

செலவு விலையோடு முடிவதில்லை. விற்பனை உறுதிக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 32 இலட்சத்துக்கு அது 1,27,000 ரூபாய் ஆகிறது. நொத்தாரிசு கட்டணம், அளவைக் கட்டணம், வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தால் உங்கள் கையில் மிஞ்சும் 2 இலட்சம் அதிலேயே முடிந்துவிடும். அவசரத்துக்கு ஒரு சதமும் இல்லாமல் காணிக்காரர் ஆவதை நான் விரும்பமாட்டேன்.

கரையோரத்திலிருந்து எழுதுவதால் இதையும் சேர்க்கிறேன். கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டுவதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு எங்கள் கரையைக் கடல் தின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆரையம்பதி வளவு கடலுக்கும் வாவிக்கும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கோடையில் போய்ப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். மார்கழி மழையில், தண்ணீர் நிற்கும்போது போய்ப் பாருங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் அங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அயலவரிடம் கேளுங்கள்.

வட்டைவெளி (பதில்):

சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கேட்காத நாலாவது வழி வயல். ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்துச் செய்து பார்த்தால் குறைந்த பணத்தில் நிலத்தின் தன்மையைப் படிக்கலாம். ஆனால் அது வேலை, முதலீடு அன்று, 2021 இல் இரசாயன உரம் இல்லாமற் போனபோது நாங்கள் பட்டது போதும். வீதியோரத்து வயலை மலிவாக வாங்கி மண் போட்டு நிரப்பி வளவாக்கி விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. வயலில் ஏற்கெனவே குத்தகை விவசாயி பதிவாகியிருந்தால் அவருடைய உரிமையும் காணியோடு உங்களிடம் வரும். கமநல சேவை நிலையத்தில் இடாப்பைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எழுவான்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெர்மிட் காணியை வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிடுகிறேன். அம்மாவோடும் தங்கையோடும் பேசுகிறேன். ஆரையம்பதி உறுதியின் பிரதியையும் கேட்டிருக்கிறேன். அண்ணன் 10 இலட்சம் வரை போட்டால் கடன் பாதியாகக் குறையும். அவர் வெளிநாட்டில் இருப்பதால் ஏதும் தடை உண்டா?

பழைய உறுதி:

அவர் இலங்கைப் பிரஜையாக இருக்கும் வரை தடை இல்லை. பிற்காலத்தில் வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்து, இரட்டைப் பிரஜாவுரிமை பெறாமல் விட்டால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே வாங்குவதை இப்போதே முறையாக முடிப்பது நல்லது. அவர் வர முடியாவிட்டால் கத்தாரிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் ஒன்றை, அதாவது தமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை, ஒப்பமிட்டு அனுப்பலாம். அதை இங்கே பதிவு செய்த பின்னரே பயன்படுத்த வேண்டும். அதில் எல்லா அதிகாரமும் கொடுக்கும் பொதுத் தத்துவத்தைத் தவிர்த்து, இந்த ஒரு காணியை வாங்குவதற்கு மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். இது உங்கள் இருவருக்குமே பாதுகாப்பு.

பணம் அவருடையது, உறுதி உங்கள் பெயரில் என்று வைக்காதீர்கள். கூட்டு உறுதியில் பங்கு எழுதப்படாவிட்டால் இருவருக்கும் சரிபாதி என்றே பொதுவாகக் கொள்ளப்படும். அவர் 10 இலட்சம் மட்டும் போட்டு, மீதியை உங்கள் சேமிப்பிலும் உங்கள் சம்பளத்தில் அடையும் கடனிலும் கட்டுவதானால், பங்குகளையும் அந்த விகிதத்தில் எழுதுவியுங்கள். விற்கும் காலத்தில் இலாபத்தின் மேல் மூலதன ஆதாய வரி உண்டு. தனியாட்களுக்கு அது 2025 ஏப்ரல் முதல் 10 இலிருந்து 15 சதவீதமாகிவிட்டது. வாங்கிய விலை, தீர்வை, மதில் கட்டிய செலவு ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளை எல்லாம் உறுதியோடு ஒரே கோப்பில் வையுங்கள். பிரதியை எடுத்துக்கொண்டு பதிவகத்துக்குப் போகும்போது முந்திய உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துச் செல்லுங்கள், தேடல் அங்கிருந்துதான் தொடங்கும்.