கிரெடிட் யூனியனில் 5 ஆண்டு சர்டிபிகேட்: போடலாமா?

செந்தூரான்:
அமெரிக்காவில் கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவு நிதி நிறுவனம்) சர்டிபிகேட்டை, அதாவது குறித்த காலத்துக்கான வைப்பை, ஓராண்டுக்கு மேல் போட்டால் பணம் மாட்டிக்கொள்ளும் என்கிறார்கள். நான் ஏற்கவில்லை. 50,000 டாலரை 4 சதவீதத்தில் 5 ஆண்டுக்குப் போடுகிறோம், முதிர்வுக்கு முன் உடைத்தால் பெனால்டி 180 நாள் டிவிடெண்ட் (கிரெடிட் யூனியனில் வட்டிக்கு இதுதான் பெயர்) என்று வையுங்கள். ஓராண்டில் வட்டி 5 சதவீதமானால், உடைக்க ஆகும் செலவு ஏறக்குறைய 1,025 டாலர். மிச்சப் பணத்தை 5 சதவீதத்தில் 4 ஆண்டு போட்டால், அந்தச் செலவு போகவும் 1,100 டாலருக்கு மேல் கூடக் கிடைக்கும். வட்டி இறங்கினாலோ பழைய 4 சதவீதம் அப்படியே நம் கையில். ஓராண்டுச் சர்டிபிகேட்டில் இந்த இரண்டாவது பலன் கிடையாது.

வைகைக்கரை:
கணக்கு சரி, அனுமானம் தவறு. உடைக்க விடுவார்கள் என்று எதை நம்பிச் சொல்கிறீர்கள்? சில கிரெடிட் யூனியன்களின் ஒப்பந்தத்தில், முதிர்வுக்கு முன் எடுப்பது 'எங்கள் சம்மதத்துடன் மட்டுமே' என்று ஒரு வரி இருக்கும். வட்டி ஏறி எல்லோரும் உடைக்க வரும்போதுதான் அந்த வரிக்கு வேலை. பெனால்டியும் எல்லா இடத்திலும் 180 நாள் இல்லை. 5 ஆண்டுக்கு 365 நாள் என்றும் கேட்பார்கள். சீக்கிரமே உடைத்தால் அசலிலும் கை வைப்பார்கள்.

மாநில வரியையும் பாருங்கள். கலிபோர்னியாவில் 9.3 சதவீத வரி கட்டுபவருக்கு 4 சதவீதம் என்பது 3.63 ஆகிவிடும். அமெரிக்க அரசின் கடன் பத்திரமான கருவூலப் பத்திரத்தின் வட்டிக்கு மாநில வருமான வரி இல்லை, அங்கே 3.7 சதவீதமே சர்டிபிகேட்டை முந்திவிடும்.

செந்தூரான்:
டெக்சாஸில் இருப்பவருக்கு மாநில வருமான வரியே இல்லையே! அதோடு, வட்டி ஏறினால் கருவூலப் பத்திரத்தின் சந்தை விலை இறங்கும். இடையில் விற்றால் எவ்வளவு நட்டம் என்று முன்கூட்டித் தெரியாது. சர்டிபிகேட்டில் பெனால்டி முதல் நாளே எழுத்தில் இருக்கிறது. அந்தப் பெனால்டியை மத்திய வருமான வரிக்கான 1040 படிவத்தின் ஷெட்யூல் 1 என்ற இணைப்பில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், பலர் விட்டுவிடுகிறார்கள்.

கணக்கு மேசை:
இருவரும் தொடாத இரண்டு விஷயம். என்சியுஏ (கிரெடிட் யூனியன்களை மேற்பார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பு) தரும் வைப்புக் காப்பீடு, ஒரு கிரெடிட் யூனியனில் ஓர் உறுப்பினரின் தனிக்கணக்குகள் எல்லாம் சேர்த்து 2,50,000 டாலர் வரை. சேர்ந்த டிவிடெண்டும் அதற்குள்தான். முழு வரம்புக்கும் போட்டால் முதல் டிவிடெண்டே காப்பீட்டுக்கு வெளியே நிற்கும். 4 சதவீதத்தில் 5 ஆண்டுக்கு 2,05,000 போட்டால் முடிவில் 2,49,414. வேறு சேமிப்பு அங்கே இருந்தால் அதையும் கழியுங்கள்.

இரண்டாவது, 50,000-ஐ ஒரே சர்டிபிகேட்டாகப் போடாதீர்கள். 10,000 வீதம் ஐந்தாகத் திறந்தால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். பாதி எடுக்கப் பல இடங்களில் விடமாட்டார்கள்.

வைகைக்கரை:
ஐந்தாகப் பிரிப்பதை ஏற்கிறேன். ஆனால் டிவிடெண்டைத் தொடாவிட்டாலும் ஆண்டுதோறும் 1099-ஐஎன்டி (வட்டி வருமானத்தைக் காட்டும் வரிப் படிவம்) வரும், வரியை வேறு பணத்தில் கட்ட வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல் யாருக்கும் 5 ஆண்டு என்று சொல்லாதீர்கள்.

செந்தூரான்:
சேர்க்கிறேன். 'சம்மதத்துடன் மட்டுமே' என்ற வரி இருந்தால் நானும் அங்கே போடமாட்டேன். திறக்கும் முன் கொடுக்கும் ட்ரூத் இன் சேவிங்ஸ் அறிக்கையோடு (வட்டி, பெனால்டி விவரம் சொல்லும் தாள்) உறுப்பினர் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி அந்த வரியைத் தேடுங்கள். முதிர்வு நாளையும் குறித்து வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் இடங்களில் முதிர்ந்தபின் பெனால்டி இல்லாமல் பணத்தை எடுக்கக் கையில் இருப்பது பெரும்பாலும் 7 முதல் 10 நாள்தான், தவறினால் இன்னொரு 5 ஆண்டு.