பூட்டியா, எழுப்பியா? (பூட்லோடருக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்)

பாலிடெக்னிக் வாத்தியார்:
எல்லோருக்கும் வணக்கம். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆய்வகக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாம் பயிற்சியில் மாட்டிக்கொண்டேன்: பூட்லோடர் (மின்சாரம் வந்ததும் ஓடி, இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரல்) கெட்ட வைஃபை ரவுட்டரை மீட்பது. பயிற்சிக்குப் பெட்டி தேட வேண்டியிருக்கவில்லை. போன வாரம் ஒரு பையன் நிலைப்பொருள் (ஃபர்ம்வேர்) கோப்பை, யூ-பூட் என்னும் பூட்லோடர் இருந்த பகுதியிலேயே எழுதிவிட்டான். விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். சீரியல் கம்பி மாட்டி 115200 வேகத்தில் பார்த்தால் ஓர் எழுத்துகூட வரவில்லை.

மாணவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள். "டிஎஃப்டிபி வழியாகக் கோப்பை அனுப்பலாமே சார்" என்கிறார்கள். டிஎஃப்டிபி என்பது வலையமைப்பில் கோப்பு அனுப்பும் எளிய முறை. வரும் கோப்பை வாங்கி வைப்பதே பூட்லோடர்தானே! அது போன பிறகு யார் வாங்குவது? பெயரிலேயே இந்த வேலை தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. வரைவில் "துவக்க ஏற்றி" என்றும், செத்த பெட்டிக்கு ஆங்கிலத்தின் "பிரிக்"கைப் பார்த்து "செங்கல்லான கருவி" என்றும் வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, முதலில் அந்தத் "துவக்க"த்தை விடுங்கள். வள்ளுவர் 491-ஆம் குறளில் "தொடங்கற்க" என்றுதான் சொன்னார். தொடக்கம் + ஏற்றி = தொடக்கவேற்றி. உடம்படுமெய் போட்டு ஒரே சொல்லாக எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா சொல்வதை நான் வேறு காரணத்துக்காக ஆதரிக்கிறேன். எங்கட பக்கம் துவக்கு என்றால் துப்பாக்கி. "துவக்க ஏற்றி" என்று அச்சடித்தால் பிள்ளைகள் ரவையை எங்கே போடுவது என்று கேட்பார்கள்.

ஏர்பூட்டி (என் புனைபெயர், சிரிக்க வேண்டாம்):
"பூட்" என்பதைத் தமிழாக்கவே தேவையில்லை. தமிழில் சொல் வல்லின மெய்யில் முடியாது. உகரம் சேர்த்தால் "பூட்டு". அது ஏற்கெனவே நம் சொல். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். சித்திரையில் பொன்னேர் பூட்டி முதல் உழவு தொடங்குகிறோம். வேலைக்கு முன் கருவியை ஆயத்தமாக்குவதுதானே பூட்டுதல்? பூட்லோடரும் அதைத்தான் செய்கிறது: நினைவகத்தை ஆயத்தப்படுத்துகிறது, இயங்குதளத்தின் கருவான கெர்னலைக் கொண்டுவந்து நுகத்தில் பிணைக்கிறது, பிறகு விலகிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இது பூட்ஸின் பின்பக்க வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்கிற கதை. அந்த வார் நமக்கு எதற்கு? "பூட்டி" போதும்.

ரிச்சி தெரு ரிப்பேர்க்காரர்:
அண்ணா, ஏர் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் என்னிடம் வருகிற செல்போனில் பாதி "லாக்டு பூட்லோடர்". அதை எப்படிச் சொல்வீர்கள்? பூட்டப்பட்ட பூட்டி! திறக்கிறதை "பூட்டியின் பூட்டைத் திற" என்று எழுதினால் வாடிக்கையாளர் கடை மாறிப் போய்விடுவார்.

கடையில் "போர்டு டெட்" என்போம். ஆனால் எது டெட் என்று பிரிக்க வேண்டும். பூட்லோடர் பேசினால் டிஎஃப்டிபி போதும், ஐந்து நிமிட வேலை. பேசவில்லையென்றால் நிலைப்பொருள் இருக்கும் ஃபிளாஷ் சிப்பையே கவ்வ வேண்டும். வாத்தியார், உங்கள் பெட்டியில் எட்டுக்கால் சிப் இருக்குமே, 25க்யூ128 மாதிரி, 16 எம்பி? கிளிப் போட்டு சிஎச்341ஏ-வில் (சிப்பைப் படித்து எழுதும் யூஎஸ்பி பலகை) படியுங்கள். இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். அந்தக் கறுப்புப் பலகை டேட்டா கால்களில் 5 வோல்ட் அனுப்பும், சிப்புக்கு 3.3 தான், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இன்னொரு பெட்டியின் 16 எம்பியையும் அப்படியே கொட்டாதீர்கள். ரேடியோ அளவுத்திருத்தம், மேக் முகவரி எல்லாம் பெட்டிக்குப் பெட்டி வேறு. அதிலிருந்து யூ-பூட் பகுதியை மட்டும் எடுத்து உங்கள் சிப்பில் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
செங்கல்லும் வேண்டாம். "கல்லாதல்" என்றால் என்ன? நேற்று இரவு இதையே யோசித்தேன். கல் ஆதல் ஒன்று, கற்காமை இன்னொன்று. "கல்லாக் கருவி" என்றால் கல்லாய்ப்போன கருவியும் ஆகும், எதையும் கற்காத கருவியும் ஆகும். பூட்லோடர் அழிந்த பெட்டி இரண்டும்தானே? மீட்பதற்கு அகலிகை இருக்கிறாள். சாபநீக்கம் என்று வைக்கலாம்.

ரிச்சி தெரு ரிப்பேர்க்காரர்:
அகலிகை எழுந்தது கால்தூசி பட்டு. பூட்ஸ் கதை அங்கேயும் வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
கல்லாக் கருவி அழகுதான். ஆனால் சிலேடையைக் கையேட்டில் வைத்தால் தேர்வுத்தாளில் அழுவார்கள். என் பங்குக்கு "எழுப்பி". திருப்பள்ளியெழுச்சி தெரிந்த ஊரில் விளக்கம் தேவையில்லை. "எழுப்பி செத்துவிட்டது, இனி யார் கோப்பை வாங்குவது?" என்றால் வாத்தியாரின் குழப்பம் தீர்ந்தது. சில சிப்புகளின் உள்ளே, ரோம் என்னும் அழிக்க முடியாத நினைவகத்தில் முதல் நிரல் ஒன்று இருக்குமே, அது "முதலெழுப்பி". ஆல்வின்னர் நிறுவனத்தின் சிப்பில் எழுப்பி கிடைக்காவிட்டால் முதலெழுப்பியே யூஎஸ்பியில் காத்திருக்கும், கிளிப்பே வேண்டாம்.

ஏர்பூட்டி:
தூங்குகிற கருவியைத்தான் எழுப்புவார்கள். மடிக்கணினி உறக்கநிலையிலிருந்து வருவதும் எழுவதுதானே? அதற்கு வேறு சொல் தேடி அடுத்த மாதம் இங்கேயே வருவீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
அதை "விழி" என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எழுப்பிக்கு என் வாக்கு. தொடக்கவேற்றி சரியான சொல்தான், ஆனால் வாய்க்குள் அடங்கவில்லை ஐயா, மன்னிக்கவும்.

பாலிடெக்னிக் வாத்தியார்:
இன்று வியாழன். எண்ணிப் பார்த்தேன்: எழுப்பிக்கு நால்வர் (தனிமடலில் வந்த இருவரையும் சேர்த்து), தொடக்கவேற்றிக்கு ஒருவர், பூட்டிக்கு ஒருவர். கையேட்டில் முதல் இடத்தில் "எழுப்பி என்னும் பூட்லோடர்", பிறகு எழுப்பி மட்டும். செத்த பெட்டியை இரண்டாகப் பிரித்துவிட்டேன்: "எழுப்பி உள்ளது", "எழுப்பி இல்லாதது". கல்லை அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன், ஐயாவுக்காக.

பெட்டி எழுந்துவிட்டது. முதல் இரண்டு படிப்பும் ஒத்துவரவில்லை. கிளிப்பின் ஒரு கால் சரியாகக் கவ்வவில்லை. அதே பையன்தான் கண்டுபிடித்தான். யூ-பூட் பகுதியை மட்டும் எழுதினோம், சீரியலில் எழுத்துகள் ஓடின. பையன் கத்தினான்: "சார், பூட் ஆகுது!"

ஏர்பூட்டி:
பார்த்தீர்களா? அவன் "எழுகிறது" என்று கத்தவில்லை.